இரவற் கனவு: ஒரு சித்திரக்கதை நாயகனின் அகப்போராட்டம்

மனிதன் எதனை விரும்புகிறான் என்னும் வினாவை எல்லோரும் கேட்பர். ஏன் விரும்புகிறான் என்னும் வினாவை அறிஞர் கேட்பர். யாரைப் பார்த்து விரும்புகிறான் என்னும் வினாவோ அரிதாகவே கேட்கப்படுவது. அவ்வரிய வினாவையே இக்கட்டுரைக்குப் பொருளாகக் கொள்கின்றோம். அதனை விளக்குதற்கு நாம் தெரிந்துகொண்டது காவியமன்று, நாடகமுமன்று. யப்பானிய நாட்டில் எழுந்த ஒரு சித்திரக்கதை.

சித்திரக்கதையை ஆராய்ச்சிக்கு எடுத்தல் தகுமோ எனப் பழைய மாணவருள் மூத்தோர் சிலர் ஐயுறக்கூடும். நாவல் என்னும் இலக்கியவகை தமிழில் அரும்பிய காலத்தில் அதனையும் வீண்பொழுதுபோக்கென ஒதுக்கினோர் இருந்தனர் என்பதை அவர்களுக்கு நினைவூட்டுகின்றோம். இன்று எம் மாணவர் பலர் யப்பானியச் சித்திரக்கதைகளைக் கைத்தொலைபேசியிற் படிக்கின்றனர். அவற்றின் நாயகரைப் பற்றித் தமக்குள் வாதிடுகின்றனர். அவர்கள் படிப்பதனுள் சிந்தனைக்குரிய பொருள் இருக்குமாயின், அதனைப் பெரியோரும் அறிந்திருத்தல் நன்று. எனினும் ஒன்று கூறவேண்டும். நாம் எடுத்துக்கொண்ட நூல் இருள் நிறைந்தது. கொலையும் வதையும் மலிந்தது. கீழ்வகுப்பு மாணவர்க்கு உரியதன்று. முதிர்ந்த வாசகரே அதனை அணுகத்தக்கவர்.

முக்கோண வேட்கை

நூலினுட் புகுமுன் ஒரு கொள்கையை விளக்கிக்கொள்ளுதல் வேண்டும். பிரான்சு நாட்டின் அவிஞோன் நகரிற் பிறந்து, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிற் கற்பித்த றெனே ஜிறார் (1923–2015) என்பார் 1961ஆம் ஆண்டில் தம் முதல் நூலை வெளியிட்டார். செர்வாந்தேஸ், ஸ்தாந்தால், புளோபேர், புரூஸ்த், தஸ்தயேவ்ஸ்கி ஆகிய பெருநாவலாசிரியரின் படைப்புக்களை ஒப்பிட்டு நோக்கிய அவர், அவற்றுள் பொதுவாய் ஓடும் ஓர் உண்மையைக் கண்டார். அது வருமாறு: வேட்கை என்பது விரும்புவோனுக்கும் பொருளுக்கும் இடையே செல்லும் நேர்கோடன்று, அது ஒரு முக்கோணம். விரும்புவோன் ஒருவன், விரும்பப்படும் பொருள் ஒன்று, அப்பொருளைத் தான் விரும்பிக் காட்டுதலால் அதற்கு மதிப்பேற்றும் முன்மாதிரி ஒருவன். இம் மூன்றாமவனை மறந்தோ மறைத்தோவிட்டு, என் ஆசை என்னுள்ளே தானே முளைத்தது என்று நாம் எண்ணிக்கொள்கின்றோம். இவ்வாறு பிறரிடமிருந்து பெற்ற ஆசையை இக்கட்டுரையில் இரவல் வேட்கை என்று வழங்குவோம்.

முன்மாதிரி எவ்வளவு தூரத்தில் நிற்கிறான் என்பதைக் கொண்டு ஜிறார் இதனை இருவகைப்படுத்துவர். செர்வாந்தேஸின் தொன் கிகோத்தே, அமாதிஸ் என்னும் கதைவீரனைப் பார்த்து வீரனாக விழைகிறான். அமாதிஸ் ஏட்டில் வாழ்பவன். அவனோடு கிகோத்தே போட்டியிட இயலாது. அங்கு நகைப்புண்டு, பகையில்லை. முன்மாதிரி அயல்வீட்டிலோ, அதே வகுப்பிலோ, அதே படையிலோ இருப்பானாயின் நிலைமை வேறு. அவன் விரும்புவதை நாமும் விரும்பும்போது அவனே நமக்குத் தடையாகிறான். அவனைப் போற்றுகின்றோம்; அவனையே வெறுக்கின்றோம். அகப்போராட்டத்தின் ஊற்று இங்கேதான் உளது. இன்னும் ஆழ்ந்து நோக்கின், விரும்புவோன் இறுதியில் நாடுவது பொருளையன்று, முன்மாதிரியின் நிறைவையே. அவனிடத்துள்ளதாகத் தோன்றும் அக் குறைவற்ற தன்மை தனக்கும் வாய்க்காதா என்பதே அவன் ஏக்கம்.

இக்கொள்கை மேல்நாட்டார்க்கே உரியதென்று எண்ணவேண்டா. கம்பன் காட்டும் இலங்கை வேந்தனை நினைத்துப் பார்ப்போம். இராவணன் சீதையைக் கண்டு விரும்பினானல்லன். இராமன்மேற் கொண்ட வேட்கை நிறைவேறாத சூர்ப்பணகை, சீதையின் அழகை எடுத்துரைக்க, அச்சொல்வழியே அவன் நெஞ்சில் நெருப்பு மூண்டது. கண்ணாற் காணுமுன்னே கருத்தால் எரிந்தான். அவன் மனத்தில் எழுந்த உருவெளித் தோற்றத்தைச் சீதையோ என்று தங்கையைக் கேட்க, அவளோ அவ்விடத்தில் இராமனையே காண்கிறாள். ஒருவர் ஆசை மற்றொருவர் வாய்வழிப் பாய்ந்து ஒரு பேரரசையே அழித்த கதை அது. வள்ளுவனாரும் பிறர் ஆக்கங்கண்டு பொறாமை கொள்ளாமையைக் கூறும் அழுக்காறாமை என்னும் 17ஆம் அதிகாரத்தை அடுத்து, பிறர் பொருளை விரும்பாமையைக் கூறும் வெஃகாமையை 18ஆம் அதிகாரமாக வைத்தார். மனிதனைப் பார்த்தலிலிருந்து பொருளைப் பார்த்தல் பிறக்கின்றது என்னும் நுட்பம் அவ்வைப்புமுறையிற் புலனாதல் காண்க.

நூலும் அதனை வரைந்தவரும்

நாம் எடுத்துக்கொண்ட சித்திரக்கதை ‘பெர்செர்க்’ என்பது. இதனை எழுதி வரைந்தவர் கெந்தாரோ மியூரா. 1966இற் பிறந்த இவர், 1989இல் ஒரு மாதவிதழில் இக்கதையைத் தொடங்கினார். 1992 முதல் அது ‘யங் அனிமல்’ என்னும் இதழில் வெளிவந்தது. 2002ஆம் ஆண்டில் யப்பானின் தெசூக்கா ஒசாமு பண்பாட்டுப் பரிசுகளுள் ஒன்று இதற்கு வழங்கப்பட்டது. முப்பதாண்டுக்கு மேலாக ஒரே கதையை வரைந்த மியூரா, 2021 மே மாதம் 6ஆம் நாள் தம் 54ஆவது வயதில் இதயப் பெருநாடி கிழிந்து காலமானார். அவர் வரைந்த பகுதி 41 தொகுதிகளாக அமைந்துள்ளது. 2022 ஜூனில், அவருடைய மாணாக்கர் கதையை மீண்டும் தொடங்கினர். அவர்களுக்கு வழிகாட்டியாய் அமைந்தவர் கோஜி மோரி என்னும் மற்றொரு சித்திரக்கதை ஆசிரியர். கதையின் முடிவை நெடுங்காலத்திற்கு முன்பே மியூரா அவரிடம் மட்டும் சொல்லியிருந்தார். இவ்விருவரும் உயர்பள்ளித் தோழர். பள்ளிக்கூட நட்பு ஓர் இறந்தோனின் கனவைக் காத்து நிற்கும் செய்தி பழைய மாணவர் மலரொன்றிற் குறிப்பிடத்தக்கதேயாம்.

கதை நிகழ்வது மத்தியகால ஐரோப்பாவை ஒத்த ஒரு கற்பனை உலகில். நாயகன் பெயர் கட்ஸ். தூக்கிலிடப்பட்ட தாயின் உடலிலிருந்து மரத்தடியில் விழுந்து பிறந்தவன் அவன். கூலிப்படையொன்று அவனைக் கண்டெடுத்தது. எடுத்து வளர்த்த பெண் அவன் மழலைப் பருவத்திலேயே கொள்ளைநோயால் மாண்டாள். படைத்தலைவனான கம்பினோ அவனுக்கு வாட்பயிற்சி அளித்தான். அதுவும் சிறுவன் தூக்கவொண்ணாப் பெரியோர் வாளைக்கொண்டு. அவள் சாவுக்குச் சிறுவனின் தீக்குறியே காரணம் என்று வெறுத்தான். காசுக்காக அவனை மற்றொரு வீரனின் கொடுமைக்கும் ஆளாக்கினான். ஆயினும் ஒருமுறை, பயிற்சியில் ஏற்பட்ட காயத்திற்கு அவன் கொடுத்த மருந்தைச் சிறுவன் பெருஞ்செல்வமாகப் போற்றினான். ஈற்றில் தன்னைக் கொல்ல வந்த கம்பினோவைத் தற்காப்பில் தானே கொன்றுவிட்டு ஓடினான்.

இவ்வரலாற்றிலே கவனிக்கற்பாலது ஒன்றுண்டு. கட்ஸ் விரும்பியது வாளையன்று. வாளைத் தந்தவனின் பார்வையை. அப்பார்வை கிடைக்கவில்லை, வாள் மட்டும் கையில் எஞ்சியது. பின்னர் எதற்காகப் போரிடுகிறான் என்று அவனுக்கே தெரியாது. நிறைவேறாத இரவல் வேட்கை ஒன்றின் மிச்சமாகவே அவன் வளர்கிறான்.

நீரூற்றருகே கேட்ட சொல்

பதினைந்து வயதளவில் கட்ஸ், கிறிபித் என்னும் இளந்தலைவனைச் சந்திக்கிறான். கிறிபித் அழகன், அறிவினன், பருந்துப்படை என்னும் கூலிப்படையின் தலைவன். எளிய குலத்திற் பிறந்து, தெருச்சிறுவனாய்த் திரிந்தபோது கோபுரங்களுக்கு மேலே ஒளிவீசிய கோட்டையைக் கண்டு, எனக்கென ஓர் அரசு வேண்டும் என்று உறுதிபூண்டவன். உன்னை விரும்புகிறேன், என் படையில் வா என்று கட்ஸை அவன் வெளிப்படையாகவே அழைக்கிறான். இருவரும் வாட்போர் புரிகின்றனர். தோற்ற கட்ஸ், ஒப்பந்தப்படி கிறிபித்துக்கு உரியவனாகிறான்.

அடுத்த மூன்று ஆண்டுகளில் பருந்துப்படை மிட்லாந்து நாட்டின் பெருமைக்குரிய சேனையாகிறது. கட்ஸ் அதன் முன்னணி வீரன். தந்தையிடம் கிடைக்காத பார்வை தலைவனிடம் கிடைத்தது போலிருக்கிறது. அப்போது கிறிபித், தன் பகைவனான ஒரு பிரபுவை இரகசியமாகக் கொல்லும்படி கட்ஸை ஏவுகிறான். மாளிகையிற் புகுந்த கட்ஸ், அப்பிரபு தன் சிறுமகனுக்கு வாட்பயிற்சி தருவதைக் காண்கிறான். தன் இளமை நினைவுக்கு வருகிறது. ஏவலை நிறைவேற்றும்போது, எதிர்பாராது வந்த அச்சிறுவனையும் அவன் வாள் கொன்றுவிடுகிறது. தன்னைத் தானே கொன்றாற்போன்ற நடுக்கத்துடன், காயமுற்ற உடலோடு, தலைவனைத் தேடி வருகிறான்.

தலைவனோ நீரூற்றருகே அரசிளங்குமரியோடு உரையாடிக் கொண்டிருக்கிறான். தன் படைவீரரைத் தான் நண்பரென்று கருதுவதில்லை என்கிறான். பிறனொருவன் கனவைப் பற்றிக்கொண்டு செல்பவன் நண்பனாகான். தனக்கென ஒரு கனவு வகுத்து, அதனைத் தடுப்பவன் தானேயாயினும் எதிர்த்து நிற்பவனே தனக்கு நிகரானவன், அவனே நண்பன் என்பது அவன் பேச்சின் கருத்து. இருளில் நின்று கட்ஸ் அதனைக் கேட்கிறான். தலைவனுக்காகக் குழந்தையொன்றைக் கொன்ற இரவிலேயே, தலைவனுக்குத் தான் நண்பனல்லன் என்று அறிகிறான்.

இக்காட்சியே கதையின் அச்சாணி. மாணவர் இதனை எளிதாகப் புரிந்துகொள்வர்: ஆம், ஒருவன் சொந்தக் கனவைத் தேடவேண்டும், கட்ஸ் விழிப்புற்றான் என்று. பெரும்பாலான வாசகர் கொள்ளும் பொருளும் அதுவே. ஆனால் சற்று நின்று நோக்குவோம். கட்ஸ் பின்னொரு நாளிரவு, குன்றின்மேலிருந்து பாசறைத் தீக்களைப் பார்த்து, படைத்தோழியான காஸ்காவிடம் மனந்திறக்கிறான். ஒவ்வொரு வீரனும் தன் சிறு கனவுத் தீயைக் கிறிபித் என்னும் பெருந்தீயிற் சேர்த்துள்ளான் என்றும், அவற்றுள் தன் தீ இல்லையென்றும், குளிர்காயவே தான் அங்கு வந்ததாகவும் கூறுகிறான். போர் முடிந்ததும் படையை விட்டுப் பிரிகிறான்.

அவன் ஏன் பிரிந்தான்? தனக்கென ஒரு கனவு முளைத்துவிட்டதனாலன்று. அவனிடம் கனவு எதுவும் இல்லை. கிறிபித் மதிக்கும் மனிதன் கனவுடையவன். ஆகவே கனவுடையவனாக வேண்டும். கிறிபித் நிகராகக் கொள்வான் தன்னைப் பின்பற்றாதவன். ஆகவே அவனைப் பின்பற்றாதிருக்க வேண்டும். யாரையும் பின்பற்றாதே என்ற சொல்லை அட்சரம் பிசகாமற் பின்பற்றி அவன் வெளியேறுகிறான். பருந்துப்படையில் அத்தனை வீரரும் கிறிபித்தின் கொடியைப் பின்பற்றினர். கட்ஸ் ஒருவனே கிறிபித்தின் உள்ளத்தைப் பின்பற்றினான். விடுதலையென்று அவன் எண்ணியது அடிமைத்தனத்தின் மிக நுண்ணிய வடிவமாயிற்று. முன்மாதிரி ஒரே மூச்சில், என்னைப் போலாகு, என்னைப் போலாகாதே என்று இரண்டு கட்டளை இடுவதாகவும், அவற்றிடையே சிக்கியவன் தவிப்பதாகவும் ஜிறார் கூறுவர். அத்தவிப்பிற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு எளிதிற் கிடைப்பதன்று.

ஓராண்டு அலைந்து திரிந்தபின் அவன் கண்டறிந்தது என்ன? வாட்போரே தனக்கு உரியது, தன்னினும் வலியாரோடு பொருதுவதே தன் விருப்பம் என்பது. ஆனால் அவ்வாளும் கம்பினோ கையில் வைத்தது. சொந்தம் என்று தேடிச் சென்றவிடத்திலும் பிறன் கொடுத்த பொருளே கிடந்தது.

தலைவனும் தப்பவில்லை

முன்மாதிரியாக நிற்பவன் நிறைவுடையவனென்று நாம் எண்ணுகின்றோம். மியூரா அம் மயக்கத்தையும் கலைக்கிறார். கட்ஸ் புறப்பட்ட பனிக்காலைப்பொழுதில், வாளால் வென்று செல் என்று கிறிபித் வழிமறிக்கிறான். ஒரே வீச்சில் கட்ஸ் வெல்கிறான். கிறிபித் பனியில் முழந்தாளிட்டு நிற்க, திரும்பிப் பாராமற் செல்கிறான். அன்றிரவே கிறிபித், அரசை அடைதற்கு ஆண்டாண்டாய் வகுத்த திட்டமனைத்தையும் மறந்தவனாய், அரசிளங்குமரியின் அறைக்குட் சென்று அகப்படுகிறான். ஓராண்டு காலம் சிறையில் வதைபட்டு, நாவிழந்து, கைகால் நரம்பறுபட்டுக் கிடக்கிறான்.

நிகரான நண்பன் வேண்டும் என்று பேசியவன், நிகரானவன் எதிரே வந்தபோது தாங்கவில்லை. பின்பற்றாதவனே நண்பன் என்றவன், ஒருவன் பின்பற்ற மறுத்த அன்றே சிதைந்தான். தொண்டரின் கண்களிலே தன் உருவத்தைக் கண்டு வாழ்ந்தவன் அவன். அவற்றுள்ளும் கட்ஸின் கண்களே அவனுக்குக் கண்ணாடியாயிருந்தன. பின்னர், படை முழுவதையும் பேய்களுக்குப் பலியிட்டுத் தான் தெய்வவுருப் பெறும் கொடிய வேளையில், எத்தனையோ தோழருள் தன் கனவையே மறக்கச் செய்தவன் கட்ஸ் ஒருவனே என்று அவன் உள்ளம் ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொண்டும் பலியிடுகிறான். போற்றுதலும் பகைத்தலும் ஒரே வேரில் எழுவன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

காஸ்காவின் நிலையும் இம் முக்கோணத்தினுள் அடங்குவதே. கிறிபித்தின் வாளாகத் தான் விளங்க வேண்டும் என்று வாழ்ந்தவள் அவள். தனக்குக் கிடைக்காத இடம் கட்ஸுக்குக் கிடைத்ததென்று அவனை நெடுங்காலம் வெறுத்தாள். அவ்வெறுப்பு மெல்ல மெல்ல அன்பாயிற்று. சிறைமீட்புக்குச் செல்லும் காலத்தில் இருவரும் ஒருவரையொருவர் காதலித்தனர். அப் பலிக்களத்திலே கிறிபித் கட்ஸின் கண்முன்னே காஸ்காவை மானபங்கம் செய்கிறான். கட்ஸ் இடக்கையையும் வலக்கண்ணையும் இழக்கிறான். காஸ்கா தன் நினைவையே இழக்கிறாள்.

நெஞ்சினுள் வாழும் கருநாய்

இனி வருவது அகப்போராட்டத்தின் உச்சம். நினைவிழந்த காஸ்காவைக் கோடோ என்னும் முதிய கொல்லனின் இல்லத்தில் விட்டுவிட்டு, கட்ஸ் பழிவாங்கப் புறப்படுகிறான். இரண்டாண்டு பேய்களை வேட்டையாடித் திரிகிறான். வெறுப்பும் இரவல் வேட்கையே என்பது இங்குப் புலனாகின்றது. முன்னர் அவன் கிறிபித்தை நோக்கியே வாழ்ந்தான். இப்போதும் கிறிபித்தை நோக்கியே வாழ்கிறான். அன்பு என்னும் கயிறு அறுந்து பகை என்னும் கயிறு பூட்டப்பட்டது, கட்டுமட்டும் அவிழவில்லை.

திரும்பி வந்தபோது காஸ்கா அவ்வில்லத்தில் இல்லை. எங்கோ அலைந்து போய்விட்டாள். சாகுந் தறுவாயிலுள்ள கோடோ அவனைக் கடிந்துகொள்கிறான். துயரத்தை நேர்நின்று பார்க்க அஞ்சியவன் ஓடியொளியும் இடமே வெறுப்பு என்பதும், மாற்றுக் கிடையாத ஒருத்தியை விட்டு அவன் ஓடினான் என்பதும் அக்கிழவன் சொல்லின் சாரம். கட்ஸ் முதன்முறையாக வேறொரு திசையில் நடக்கத் தொடங்குகிறான். காஸ்காவைத் தேடிக் கண்டு காக்கிறான்.

ஆயினும் மாற்றம் ஒரு நாளில் நிகழ்வதில்லை. அவனுள்ளத்திருளைப் பெரியதொரு கருநாயாக மியூரா வரைந்துள்ளார். கிறிபித் மீண்டும் மனிதவுடலோடு தோன்றியபின் அந்நாய் ஓயாது குரைக்கின்றது: இவளாலன்றோ உன் வேட்டை தடைப்படுகிறது, இவளை ஒழித்துவிடு என்று தூண்டுகின்றது. பனிவழியே இருவர் மட்டும் செல்லுங்கால், ஒருநாள் அத்தூண்டுதலுக்கு ஆட்பட்டு அவனே காஸ்காவுக்குத் தீங்கிழைத்துவிடுகிறான். ஆசிரியர் நாயகனை நல்லவனாக்கிக் காட்ட இதனை மறைக்கவில்லை. காப்பவனும் அவனே; ஆபத்தும் அவனே.

இதன்பின் கட்ஸ் செய்வது ஒரு வீரனுக்கு எளிதன்று. தன்னந்தனியே தன்னால் அவளைக் காக்க இயலாதென்று ஏற்றுக்கொள்கிறான். வழித்துணை வேண்டி வந்த சிலரைத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறான். அவருள் ஷீர்க்கே என்னும் மந்திரச் சிறுமி ஒருத்தி. அணிந்தோனின் வெறியைப் பெருக்கும் சாபக்கவசத்தை அவன் அணிந்து அறிவிழக்கும்போதெல்லாம், அவனுடைய மனத்தினுட் புகுந்து பெயர்சொல்லி மீட்பவள் அவள். எவருடைய தீயிலும் குளிர்காயேன் என்று பிரிந்தவன், இப்போது ஒரு சிறுபிள்ளையின் குரலைப் பற்றிக்கொண்டு மனிதனாகிறான். கிறிபித் வகுத்த இலக்கணப்படி இது தோல்வி. நாம் அதனை வெற்றியென்போம். ஏனெனில் இங்கேதான், யாருடைய மதிப்பைப் பெறுவேன் என்னும் கேள்வி அவனை விட்டு நீங்கி, யாருக்கு நான் பொறுப்பு என்னும் கேள்வி எழுகின்றது.

ஒரு செய்தியை விட்டுவிடலாகாது. நெடும்பயணத்தின் முடிவில் காஸ்காவின் நினைவு மீள்கின்றது. மீண்ட அக்கணமே, பலிக்களத்தின் கொடுமையும் மீள்வதால், கட்ஸின் முகத்தைப் பார்க்கவும் அவளால் முடியவில்லை; அலறுகிறாள். யாருக்காக அத்தனை தூரம் நடந்தானோ அவளிடமிருந்தும் அவனுக்குப் பார்வை கிடைக்கவில்லை. ஆயினும் அவன் செய்தது வீணென்று கதை சொல்லவில்லை. பார்வையைக் கூலியாகக் கேட்கும் அன்பு ஒருவகை; கூலி கிடையாதென்று அறிந்தும் நிலைப்பது மற்றொருவகை. முதலாவதிலிருந்து இரண்டாவதை நோக்கி ஒருவன் தவழ்ந்து செல்வதே இந்நீண்ட கதை.

எமக்கு இதனால் யாது பயன்?

இங்கு ஒரு தடை எழும். பிறரைப் பார்த்து விரும்புதல் குற்றமாயின் கல்வியே குற்றமாகாதோ? குழந்தை தாயைப் பார்த்தே மொழி கற்கின்றது. மாணாக்கன் ஆசிரியரைப் பார்த்தே நூலை விரும்பப் பழகுகிறான். ஜிறாரும் இதனை மறுத்தாரல்லர்; பிறரைப் பார்த்து விரும்பவல்லமையே மனிதனை விலங்கியல்பினின்றும் விடுவிக்கின்றது என்றே கருதினார். ஆகவே இரவல் வாங்காதே என்று நாம் எவர்க்கும் உபதேசிக்கவில்லை. அவ்வாறு உபதேசிப்பின் கிறிபித்தின் பேச்சையே நாமும் பேசினவராவோம். இரவல் நூலை இரவலென்று அறிந்து படிப்பவன் பயன்பெறுகிறான். தன் பெயரை அதில் எழுதிக்கொள்பவனே இடர்ப்படுகிறான்.

உயர்தர வகுப்பில் உயிரியலோ கணிதமோ வணிகமோ கலையோ தெரிவுசெய்யும் மாணவனை நோக்குக. மருத்துவனாகவேண்டும், பொறியியலாளனாகவேண்டும் என்று அவன் சொல்லும்போது அவ்வாசை எங்கிருந்து வந்தது? மாமன் மகன் மருத்துவபீடம் புகுந்ததனாலோ, அடுத்த வீட்டார் பேசியதனாலோ, வகுப்பில் முதலாவதாக வரும் தோழன் அப்பாடத்தை எடுத்ததனாலோ வந்திருக்கலாம். வந்ததில் இழுக்கில்லை. நோயுற்றோர்மேல் உண்மையான பரிவு பின்னர் அவனுள் வளருமாயின் அவ்விரவல் அவனுடையதாகிவிடும். தோழனை வெல்லுதலே நோக்கமாக நிற்குமாயின், வென்ற நாளிலும் அவன் கையில் ஒன்றுமிராது. தோற்ற நாளிலோ உயிரே சுமையாகும். பெறுபேறு வெளியாகும் நாட்களிற் சில வீடுகளிலே நிகழ்வனவற்றை அறிந்தோர்க்கு இது வெறுங்கதையன்று என்பது விளங்கும்.

அவ்வாறே, ஊரார் சொற்கேட்டு நடவேன், எனக்கென ஒரு தனிவழி காண்பேன் என்று மார்தட்டும் இளைஞனும் தன்னைச் சற்று ஆராய்தல் நன்று. அத் தனிவழியையும் யாரோ ஒருவர் அவனுக்குக் காட்டியிருப்பர். யாருடைய கண்ணில் உயர்ந்து தோன்ற அவன் தனித்து நிற்கிறான் என்று வினவினால், ஒரு முகம் நினைவுக்கு வரும். அம் முகத்தை அடையாளங் காண்பதே விடுதலையின் முதற்படி.

பெற்றோரும் ஆசிரியரும் பழைய மாணவரும் சிறுவர்க்கு அண்மையிலுள்ள முன்மாதிரிகள். நாம் எதனை விரும்பிக் காட்டுகின்றோமோ அதனையே அவர்கள் விரும்புவர். சொல்லால் ஒன்றும் செயலால் மற்றொன்றும் காட்டுவோமாயின், கிறிபித் கட்ஸை வைத்த தவிப்பிலேயே அவர்களையும் வைத்தவராவோம். நூல்களையும் உண்மையையும் எளியோர்க்குதவுதலையும் நாம் மெய்யாக விரும்பின், அவ்விருப்பத்தைக் கடன்கொள்ளும் பிள்ளைகள் ஒருவரோடொருவர் மோதவேண்டியதில்லை. பதவியும் பரிசும் ஒருவர் பெறின் மற்றொருவர்க்கு இல்லையாகும். அறிவும் அன்பும் அத்தகையனவல்ல. எத்துணைப் பேர் கொண்டாலும் குறையா.

மாணவர்க்கு ஒன்று கூறி முடிப்போம். நீங்கள் கொண்டுள்ள கனவை இன்றே வீசிவிட வேண்டா. அதனை யாரிடமிருந்து பெற்றீர்கள் என்று ஒருமுறை அமைதியாக எண்ணிப்பாருங்கள். பெற்றவிடம் தெரிந்தால் நன்றி கூறுங்கள். பின்னர், அதனைக்கொண்டு யாருக்கு உதவப்போகின்றீர்கள் என்று கேளுங்கள். இரண்டாவது வினாவுக்கு விடை கிடைக்குமாயின், முதலாவது வினாவின் விடை எதுவாயினும் அஞ்சவேண்டியதில்லை.